புளிப்பை நம்பிய கப்பற்படை

1875 மே 29 அன்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து அலர்ட், டிஸ்கவரி என்ற இரண்டு கப்பல்கள் வட துருவத்தை நோக்கிப் புறப்பட்டன. தலைமை ஏற்றவர் ஜார்ஜ் நேர்ஸ். கடற்படையின் தேர்ந்த மாலுமிகள், மூன்று குளிர்காலம் தாங்கும் உணவு, கம்பளி உடுப்புகள் என்று எல்லாமே பார்த்துப் பார்த்து ஏற்றப்பட்டன. பெட்டி பெட்டியாக எலுமிச்சைச் சாறும் இருந்தது. கடலோடிகளை மூன்று நூற்றாண்டுகளாகக் கொன்றுவந்த ஸ்கர்வி நோய்க்கு அதுதான் மருந்து. அந்த நோயை வென்று எண்பது ஆண்டுகள் ஆகிவிட்டன என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அடுத்த ஆண்டு வசந்தத்தில் ஆல்பர்ட் மார்க்கம் தலைமையில் ஒரு குழு சறுக்குவண்டிகளை இழுத்துக்கொண்டு உறைந்த கடலின் மேல் வடக்கே நடந்தது. 1876 மே 12 அன்று அவர்கள் 83 பாகை 20 கலை அட்சரேகையைத் தொட்டார்கள். அதுவரை எந்தப் பயணக் குழுவும் அவ்வளவு வடக்கே சென்றதாகப் பதிவில்லை. ஆனால் அங்கே போய்ச் சேரும் முன்பே ஆட்கள் ஒவ்வொருவராக விழத் தொடங்கியிருந்தார்கள். கால்கள் வீங்கிக் கறுத்தன, ஈறுகள் புடைத்தன. நடக்க முடியாதவர்களை வண்டியில் ஏற்றி, நடக்க முடிந்தவர்கள் இழுத்தார்கள். கடைசியில் குழுவில் ஒருவர் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் பனியில் தனியே நடந்து, கப்பலை அடைந்து உதவி கேட்க வேண்டியிருந்தது. சுமார் 120 பேர் கொண்ட அந்தப் பயணத்தில் பாதிப் பேரை ஸ்கர்வி பிடித்தது. திட்டமிட்டதற்கு முன்பாகவே நேர்ஸ் கப்பல்களைத் திருப்பினார்.

நாடாளுமன்றம் வரை போன விவகாரம் அது. விசாரித்த குழு 1877இல் அறிக்கை தந்தது. சறுக்குவண்டிக் குழுக்கள் சாற்றை உடன் எடுத்துச் செல்லாததே காரணம் என்றது. கப்பலை விட்டு அதிகம் நகராமல், தினமும் சாறு குடித்தவர்களில் சிலருக்கும் நோய் வந்திருந்ததை யாரும் தீவிரமாக எடுத்துக்கொள்ளவில்லை. புட்டிக்குள் இருந்தது எந்தப் பழத்தின் சாறு என்று கேட்டவர்களும் இல்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

புளிப்புப் பழங்களில் இரண்டை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, தமிழ்நாட்டுச் சமையற்கட்டில் தினமும் பிழியப்படும் எலுமிச்சை. சிறியது, உருண்டை, மெல்லிய தோல். ஆங்கிலத்தில் இதை லைம் என்பார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் தோட்டம் தோட்டமாக வளர்ந்ததும் இதே இனம்தான். மற்றொன்று லெமன். நீள்வட்டம், தடித்த தோல், நுனியில் ஒரு முனைப்பு. சிசிலி, மால்ட்டா, போர்ச்சுகல் போன்ற மத்தியதரைக்கடல் வட்டாரத்துப் பழம். தமிழில் இரண்டையும் எலுமிச்சை என்றே அழைத்துவிடுகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர்களும் அதே தவற்றைத்தான் செய்தார்கள். லெமன் சாறு, லைம் சாறு என்று கடற்படை ஆவணங்கள் மாற்றி மாற்றி எழுதின. அந்தக் குழப்பத்துக்கு மனிதர்கள் உயிரை விலையாகக் கொடுத்தார்கள்.

ஸ்கர்வி என்பது வைட்டமின் சி பற்றாக்குறை. தசையையும் தோலையும் இரத்தக் குழாயையும் பிணைத்து வைத்திருக்கும் கொல்லாஜன் என்ற புரதம் சரியாக உருவாக வைட்டமின் சி வேண்டும். பெரும்பாலான விலங்குகள் அதைத் தம் உடலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. மனிதன், குரங்குகளில் பல, கினிப்பன்றி, சில வௌவால்கள் ஆகியவற்றால் முடியாது. காயும் பழமும் இல்லாமல் இரண்டு மூன்று மாதம் போனால் மனித உடல் அவிழத் தொடங்கும். முதலில் களைப்பு, பிறகு ஈறுகளில் இரத்தம், பல் ஆட்டம், தோலுக்கடியில் இரத்தக் கசிவு. பல ஆண்டுகளுக்கு முன் ஆறிய காயம்கூட மீண்டும் திறந்துகொள்ளும். முடிவு மரணம்.

கரையோரமாகக் கப்பல் ஓட்டிய காலத்தில் இந்த நோய் பெரிதாகத் தெரியவில்லை. பெருங்கடல்களைக் கடக்கத் தொடங்கியபோதுதான் அது கடலின் முதல் எதிரியானது. 1498இல் வாஸ்கோ ட காமாவின் ஆட்கள் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையில் ஆரஞ்சுப் பழங்களைத் தின்று தேறினார்கள். கோழிக்கோட்டிலிருந்து திரும்பும் வழியில், காற்று ஒத்துழைக்காமல் அரபிக்கடலிலேயே மூன்று மாதம் சிக்கியபோது சுமார் முப்பது பேரைப் பறிகொடுத்தார்கள். கரையை அடைந்ததும் அவர்கள் தேடியது ஆரஞ்சு. பழம் நோயைப் போக்கும் என்பது அன்றே கடலோடிகளுக்குத் தெரிந்திருந்தது.

1601இல் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய முதல் பயணத்தில் நான்கு கப்பல்கள். தலைவர் ஜேம்ஸ் லங்காஸ்டர் தன் கப்பலில் மட்டும் தினமும் காலையில் ஆளுக்கு மூன்று கரண்டி லெமன் சாறு கொடுத்தார். தென்னாப்பிரிக்கக் கரையை அடைந்தபோது மற்ற மூன்று கப்பல்களில் பாய்களை இறக்கவும் ஆள் போதவில்லை. லங்காஸ்டரின் மாலுமிகள் போய் உதவினார்கள். இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனாலும் சுமார் நூற்று நாற்பது ஆண்டு கழித்து, 1740இல் புறப்பட்டு உலகைச் சுற்றிய ஜார்ஜ் ஆன்சனின் படையில் ஏறத்தாழ 1,900 பேரில் சுமார் 1,400 பேர் இறந்தார்கள். எதிரியின் குண்டுக்குப் பலியானவர்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவர்களே. பெரும்பாலோரைக் கொன்றது ஸ்கர்விதான். மருந்து ஒருமுறை கண்டறியப்பட்டால் போதும் என்று நாம் எண்ணுகிறோம். இந்த நோயின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கண்டார்கள், மறந்தார்கள், மறுபடி கண்டார்கள்.

ஆன்சனின் பேரழிவுக்குப் பிறகு வந்தவர் ஜேம்ஸ் லிண்ட். சால்ஸ்பரி என்ற போர்க்கப்பலின் மருத்துவர். 1747 மே 20 அன்று அவர் ஸ்கர்வி கண்ட பன்னிரண்டு மாலுமிகளைத் தேர்ந்து, இருவர் இருவராகப் பிரித்தார். எல்லோருக்கும் ஒரே இடம், ஒரே உணவு. மருந்து மட்டும் வேறு. ஓர் இணைக்கு ஆப்பிள் மது, ஓர் இணைக்குக் கந்தக அமிலத் துளிகள், ஓர் இணைக்கு வினிகர், இன்னோர் இணைக்குக் கடல்நீர். ஐந்தாம் இணைக்குப் பூண்டும் கடுகும் சேர்த்து அரைத்த லேகியம். ஆறாம் இணைக்கு தினமும் இரண்டு ஆரஞ்சும் ஒரு லெமனும். கப்பலில் இருந்த பழம் ஆறு நாளில் தீர்ந்துபோனது. அதற்குள் அந்த இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பத் தயார். மற்றவர் எஞ்சிய நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டார். ஒப்பிட்டுச் சோதித்துப் பார்ப்பது என்ற மருத்துவ முறைக்கே இந்தச் சிறு சோதனையை முன்னோடியாகச் சொல்வார்கள்.

அந்தச் சோதனையில் இன்னொரு பாடமும் இருந்தது. வினிகர் புளிக்கும், கந்தக அமிலமும் புளிக்கும். இரண்டுமே உதவவில்லை. நோயைத் தீர்ப்பது புளிப்பு அல்ல என்பதற்கு லிண்ட் தன் கையாலேயே சான்று உண்டாக்கியிருந்தார். ஆனால் அவர் அந்த முடிவுக்கு வரவில்லை. பழச்சாற்றைச் சூடாக்கி வற்றவைத்துப் பாகாக்கி நெடுநாள் வைத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தார். சூடு பட்டு அதன் சத்து பெருமளவு போய்விட்டது. பாகு பலன் தராததால் பழத்தின் மேலேயே ஐயம் வந்தது.

கடற்படையின் தயக்கத்தை முடித்துவைத்ததில் சென்னைக்கு ஒரு பங்குண்டு. 1794இல் சஃபக் என்ற போர்க்கப்பல் பீட்டர் ரெய்னியர் தலைமையில் இங்கிலாந்திலிருந்து மதராசுக்குப் புறப்பட்டது. ஆளுக்கு நாள்தோறும் மூன்றில் இரண்டு அவுன்ஸ் லெமன் சாறு, சர்க்கரையோடு ரம்மில் கலந்து கொடுக்கப்பட்டது. இருபத்து மூன்று வாரம் எந்தக் கரையையும் தொடாமல் வந்த அந்தக் கப்பல் செப்டம்பரில் மதராஸ் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டபோது, ஸ்கர்வியால் ஒருவரும் இறந்திருக்கவில்லை. இடையில் அறிகுறி கண்ட சிலருக்குச் சாற்றைக் கூட்டிக் கொடுத்ததும் சரியானது. மருத்துவர் கில்பர்ட் பிளேன் இந்த வெற்றியைப் பதிவு செய்தார். 1795 முதல் கடற்படைக் கப்பல்களுக்கு லெமன் சாறு வழங்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் கடற்படை வழங்கிய சாறு 16 லட்சம் காலன். 1780இல் ஸ்கர்வி நோயாளிகள் ஆயிரத்துக்கும் மேல் வந்து படுத்த ஹாஸ்லர் கடற்படை மருத்துவமனையில், 1806 வாக்கில் அந்த எண்ணிக்கை ஓரிருவராகக் குறைந்தது. நெப்போலியனோடு நடந்த போரில் பிரித்தானியக் கப்பல்கள் பிரெஞ்சுத் துறைமுகங்களை மாதக்கணக்கில் அடைத்து நிற்க முடிந்ததற்குப் பீரங்கியைப் போலவே லெமனும் காரணம். கடற்படைத் தளபதி நெல்சனின் காலத்தில் சிசிலியிலிருந்து ஆயிரக்கணக்கான காலன் சாறு வாங்கப்பட்டது.

இங்கிருந்துதான் கதை சறுக்குகிறது.

1860களில் கடற்படை தன் கொள்முதலை மத்தியதரைக்கடலிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு மாற்றியது. சிசிலி வேற்று நாடு. மான்செராட் போன்ற தீவுகள் பிரித்தானியாவின் குடியேற்றங்கள். அங்கே கரும்பு நொடித்திருந்த காலம் அது. ஸ்டர்ஜ் குடும்பத்தார் மான்செராட்டில் பெரும் எலுமிச்சைத் தோட்டங்களை நடத்தினார்கள். அதே காலத்தில் வணிகக் கப்பல்களும் சாறு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் லாக்லன் ரோஸ் என்ற வணிகர், மது சேர்க்காமல் எலுமிச்சைச் சாற்றைக் கெடாமல் வைக்கும் முறைக்கு 1867இல் காப்புரிமை பெற்றார். பிரித்தானிய மாலுமிகளுக்கு அமெரிக்கர்கள் வைத்த ‘லைமி’ என்ற பட்டப்பெயரும் இந்தச் சாற்றால் வந்ததே.

மாற்றியவர்களிடம் கெட்ட எண்ணம் இருந்ததாகச் சொல்ல முடியாது. சாற்றின் அமிலமே மருந்து என்பது அன்றைய மருத்துவ அறிவு. எலுமிச்சை லெமனுக்குக் கொஞ்சமும் குறையாமல் புளிக்கும். ஆகவே அது சமமானது, ஒருவேளை மேலானதும்கூட என்று முடிவு கட்டினார்கள். அந்தப் புட்டியில் குறைந்திருந்ததை அளக்கும் கருவி அன்று உலகில் எங்கும் இல்லை. அதைக் குறிக்கும் பெயரும் இல்லை.

தவறு உடனே தெரியாமல் போனதற்கு நீராவி இயந்திரம் ஒரு காரணம். பாய்க்கப்பல் மாதக்கணக்கில் போன தூரத்தை நீராவிக் கப்பல் வாரக்கணக்கில் கடந்தது. ஸ்கர்வி தலைகாட்டும் முன்பே கரை வந்துவிடும், காய்கறி கிடைத்துவிடும். கப்பலில் குடித்த சாற்றுக்குப் பலன் இருந்ததா இல்லையா என்பது தெரியவே வழியில்லை. துருவப் பயணங்களில் மட்டும்தான் மனிதர்கள் ஓராண்டுக்கு மேல் பச்சைக் காய்கறியைக் காணாமல் இருந்தார்கள். நேர்ஸ் பயணத்துக்கு நேர்ந்தது அதனால்தான்.

இதில் மனத்தை மிகவும் வருத்துவது அலெக்சாண்டர் ஆம்ஸ்ட்ராங்கின் நிலை. 1850இல் புறப்பட்டுப் பனியில் சிக்கிக்கொண்ட இன்வெஸ்டிகேட்டர் கப்பலின் மருத்துவர் அவர். அங்கே லெமன் சாற்றைத் தவறாமல் கொடுத்து, இரண்டு ஆண்டுக்கு மேல் ஸ்கர்வியை அண்டவிடாமல் வைத்திருந்தார். அவரே பின்னாளில் கடற்படை மருத்துவத் துறையின் தலைவரானார். நேர்ஸின் கப்பல்களில் எலுமிச்சைச் சாறு ஏறியது அவர் பதவியில் இருந்தபோதுதான். லெமனின் வலிமையைக் கண்ணால் கண்டவருக்கே, கையில் இருப்பது வேறு பழம் என்பது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

நேர்ஸ் பயணத்தின் தோல்வி இன்னும் பெரிய குழப்பத்துக்கு வழிவிட்டது. சாறு குடித்தவர்களுக்கும் ஸ்கர்வி வருகிறதே, சாறே குடிக்காத எஸ்கிமோ மக்களுக்கு வரவில்லையே என்ற கேள்வி எழுந்தது. 1895–96 குளிர்காலத்தைத் துருவப் பயணிகளான நான்சனும் யோஹான்சனும் கரடி இறைச்சியையும் வால்ரஸ் இறைச்சியையும் மட்டுமே தின்று கழித்து நலமாகத் திரும்பினார்கள். புத்தம்புது இறைச்சியில் சிறிதளவு வைட்டமின் சி உண்டு என்பது யாருக்கும் தெரியாது. அதனால் ஸ்கர்வி என்பது கெட்டுப்போன டின் உணவின் நஞ்சால் வருவது என்ற கொள்கை பிறந்தது. 1901இல் அண்டார்க்டிகா சென்ற ராபர்ட் ஸ்காட்டின் மருத்துவர் ரெஜினால்ட் கெட்லிட்ஸ் அதை நம்பினார். டின்களை முகர்ந்தும் பார்த்தும் சோதித்தார்கள். நோய் வந்தது. புதிய சீல் இறைச்சியைத் தின்ற பிறகே போனது. நூறாண்டுக்கு முன் மதராசுக்கு வந்த ஒரு கப்பலின் மாலுமிக்குத் தெரிந்திருந்தது இருபதாம் நூற்றாண்டு மருத்துவருக்குத் தெரியாமல் போயிற்று.

திரும்ப வழி காட்டியது கினிப்பன்றி. 1907இல் நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் இருவரும் தானியம் மட்டுமே கொடுத்து வளர்த்த கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி வருவதைக் கண்டார்கள். எலிகளை வைத்துச் சோதித்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது, அவற்றின் உடல் வைட்டமின் சியைத் தானே தயாரித்துக்கொள்ளும். இப்போது ஓர் அளவுகோல் கிடைத்தது. ஒரு கினிப்பன்றியைக் காக்க எந்தச் சாறு எத்தனை மில்லிலிட்டர் தேவை என்று பார்த்தால் போதும்.

முதல் உலகப் போர் அந்தக் கேள்வியை அவசரமாக்கியது. மெசபடோமியாவில் 1916இல் இந்தியப் படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் ஸ்கர்விக்கு ஆளானார்கள். கூத் நகர முற்றுகையின்போது குதிரை இறைச்சியைத் தின்ற பிரித்தானிய வீரர்களைவிட, அதைத் தொட மறுத்த இந்திய வீரர்களையே நோய் கடுமையாகத் தாக்கியது. லண்டனின் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக் தலைமையில் பெண் ஆய்வாளர்கள் சிலர் வேலையில் இறங்கினார்கள். நேர்ஸின் கப்பல்கள் புறப்பட்ட அதே 1875இல் பிறந்தவர் சிக். அந்த நிறுவனத்தில் சேர அவர் விண்ணப்பித்தபோது, பெண்ணை நியமிக்க வேண்டாம் என்று அங்கிருந்த சிலர் எதிர்த்திருக்கிறார்கள்.

1918இல் சிக்கும் மார்கரெட் ஹியூமும் ரூத் ஸ்கெல்டனும் முடிவை வெளியிட்டார்கள். எலுமிச்சைச் சாற்றுக்கு லெமன் சாற்றின் வலிமையில் கால் பங்குதான். புதிதாகப் பிழிந்த சாற்றின் கணக்கு அது. பதப்படுத்திப் புட்டியில் அடைத்த எலுமிச்சைச் சாறு ஸ்கர்வியைத் தடுக்கச் சிறிதும் உதவாது. அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஆலிஸ் ஹெண்டர்சன் ஸ்மித் பழைய கடற்படைப் பதிவுகளைப் புரட்டி, எந்தப் பயணத்தில் எந்தப் பழம் போனது என்று பிரித்துக் காட்டினார். வென்ற பயணங்களில் லெமன் இருந்தது. தோற்ற பயணங்களில் எலுமிச்சை. ஆய்வுக்கூடமும் ஆவணக்கூடமும் ஒரே விடையைச் சொன்னதும் ஐயத்துக்கு இடமில்லாமல் போனது. முளைகட்டிய பயறு ஸ்கர்வியைத் தடுக்கும் என்பதையும் சிக்கின் குழு உறுதிசெய்தது. பருப்பும் பயறும் மூட்டை மூட்டையாக இருந்த இந்தியப் படைமுகாம்களுக்கு அதைவிட மலிவான மருந்து ஏது? ஒரு நாள் ஊறவைத்து முளைக்க விட்டால் போதும்.

மீதியை விரைவாகச் சொல்லிவிடலாம். ஆல்பர்ட் சென்ட் ஜ்யோர்ஜி தனியாகப் பிரித்தெடுத்த ஓர் அமிலம்தான் வைட்டமின் சி என்பது 1932இல் உறுதியானது. 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. புட்டிச் சாறு ஏன் தோற்றது என்பதும் விளங்கியது. சூடு, காற்று, வெளிச்சம், செம்புப் பாத்திரம் எல்லாமே வைட்டமின் சியை அழிப்பவை. புளிப்பைத் தருவது சிட்ரிக் அமிலம். அது அப்படியே நிற்கும். நாக்கு அதைத்தான் அறியும்.

லிஸ்டர் நிறுவனத்தில் பயின்ற வாலஸ் அய்க்ராய்ட் 1935இல் குன்னூருக்கு வந்தார். ராபர்ட் மெக்காரிசன் வளர்த்தெடுத்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்துக்கு அவர் இயக்குநர். இந்திய உணவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1937இல் குன்னூரிலிருந்து வெளிவந்த சத்து அட்டவணை, பல பதிப்புகள் கண்டு இன்றைய அட்டவணைகளுக்கு மூலமானது. அந்த ஆய்வுக்கூடம்தான் பின்னாளில் ஹைதராபாத்துக்கு மாறி தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. பழங்களின் மதிப்பைப் பேச்சுவழக்கிலிருந்து மில்லிகிராமுக்கு மாற்றியது நீலகிரியில் நடந்த வேலை. நெல்லிக்காய் மலையளவு உயர்ந்து நின்றது அப்போதுதான். 100 கிராமில் 600 மில்லிகிராம் வைட்டமின் சி என்றன பழைய இந்திய அட்டவணைகள். ஹைதராபாத் நிறுவனம் 2017இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் அது ஏறத்தாழ 250. குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் ஆரஞ்சை அது பல மடங்கு மிஞ்சுகிறது. நெல்லியின் துவர்ப்பைத் தரும் பொருள்கள் வைட்டமின் சி சிதையாமல் காக்கின்றன என்று 1936இலேயே மதராஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இன்றைய கணக்கில் லெமனும் எலுமிச்சையும் எங்கே நிற்கின்றன? அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி 100 கிராம் லெமனில் 53 மில்லிகிராம், எலுமிச்சையில் 29. ரகம், மண், பழுத்த பக்குவம் பொறுத்து இது ஏறும், இறங்கும். இந்த வேறுபாடு சமையற்கட்டில் பெரிதல்ல. வளர்ந்த ஒருவரை ஸ்கர்வியிலிருந்து காக்க நாளொன்றுக்கு சுமார் 10 மில்லிகிராம் போதும் என்று 1940களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தன்னார்வலர்களிடம் நடந்த சோதனை காட்டியது. முழு நலத்துக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இன்று ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 என்று பரிந்துரைக்கிறது. அப்போது பிழிந்த எலுமிச்சை அதில் ஒரு பங்கைத் தரும். அடுப்பில் கொதிக்கும் ரசத்தில் பிழியாமல், இறக்கி வைத்த பின் பிழிந்தால் இன்னும் நல்லது. மாதக்கணக்கில் கடையில் நிற்கும் புட்டிச் சாற்றை, வைட்டமின் தனியாகச் சேர்க்கப்படாத வரை, சத்துக்காக வாங்க வேண்டியதில்லை.

மான்செராட்டின் புட்டிகளை நம்பியவர்களிடம் அளவுகோல் இல்லை. நம்மிடம் இருக்கிறது. இருந்தும் மருத்துவமனையில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் இன்றும் ஆப்பிளையே வாங்கிப் போகிறார்கள். 100 கிராம் ஆப்பிளில் வைட்டமின் சி ஐந்து மில்லிகிராம்கூட இல்லை. பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடிச் சந்தையில் குவித்து விற்கும் கொய்யாவில் அது இருநூறுக்கு மேல், விலையும் குறைவு. மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாதவரை, அடுத்த முறை நோயாளியைப் பார்க்கப் போகும்போது நல்ல பழுத்த கொய்யாவாகப் பார்த்து வாங்கிச் செல்லுங்கள்.